கோத்தகிரி குளிரில் ஒரு 30 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்

குன்னூரில் இருக்கும் தம்பி ஒருவருக்கு ஹாம் ரேடியோவில் பேச வி.யூ.3 என்று தொடங்கும் கால்சைன் (அழைப்புப் பெயர்) கிடைத்துவிட்டது. 100 வாட் ரிக், அதாவது ரேடியோ செட் ஒன்றையும் செகண்ட் ஹேண்டில் பிடித்துவிட்டார். "அண்ணா, பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி. நீங்க வச்சிருக்கிற மாதிரியே ஒரு எஸ்எம்பிஎஸ் வாங்கிடட்டுமா?" என்று போனில் கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக் கரண்டை ரிக்குக்கு வேண்டிய டிசியாக மாற்றிக் கொடுக்கும் ஸ்விட்ச்சிங் ரகப் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். என்னிடம் இருப்பது 13.8 வோல்ட், 30 ஆம்பியர். கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆறேழு வருஷமாக உழைக்கிறது. போன மாதம் ரிப்பேருக்குப் போய் வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நிஜமாகவே பெரிய நல்லது. எங்கள் வீடு லைனின் கடைக்கோடியில் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு கீசரும் ரூம் ஹீட்டரும் போடுவார்கள். கொழுந்து அதிகம் வரும் நாட்களில் டீ ஃபேக்டரி மோட்டார்களும் சேர்ந்துகொள்ளும். மே மாத சீசனில் காட்டேஜெல்லாம் நிரம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 175, 180 என்று மீட்டர் காட்டும். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மலையில் இருந்துகொண்டு இந்த வோல்டேஜைப் பார்ப்பது எனக்கு ஒவ்வொரு நாளும் வயிற்றெரிச்சல்தான்.

அந்த 175-லும் இந்த எஸ்எம்பிஎஸ் அசையாது. முழு பவரில் பேசும்போது 20 ஆம்பியர் இழுக்கிறது, முள் 13.8-ஐ விட்டு நகராது. இதற்கு முன் வைத்திருந்த லீனியர் சப்ளையால், அதாவது பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ரகத்தால், இது முடியவில்லை. அதில் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி 18 வோல்ட். 230 வந்தால் ரெக்டிஃபயருக்குப் பிறகு 23 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், ரெகுலேட்டர் அதை 13.8-க்குக் குறைத்துக் கொடுக்கும். 180 வந்தால் லோடு இல்லாமலே 18-க்குப் பக்கத்தில் நின்றுவிடும். 20 ஆம்பியர் இழுக்கும்போது கெபாசிட்டரில் 3 வோல்ட்டுக்கு மேல் ரிப்பிள் (ஏற்ற இறக்கம்) வரும், டிரான்ஸ்ஃபார்மரும் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய 13.8-க்கு மேல் இரண்டு வோல்ட்டாவது கையிருப்பு வேண்டும். அந்த இரண்டு வோல்ட்டுக்கு எங்கே போவது? 100 ஹெர்ட்ஸ் ஹம் (உறுமல்) நேராக ஆடியோவில் ஏறிவிடும். "ஓஎம் (ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் 'ஓல்ட் மேன்'), உங்க மாடுலேஷன்ல ஹம் இருக்கே" என்று சாயங்காலம் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். எஸ்எம்பிஎஸ் வந்த அன்றோடு அந்தப் பேச்சு நின்றது.

எடையும் ஒரு விஷயம். லீனியரை மேஜை மாற்றி வைக்கவே இரண்டு பேர் வேண்டும். இதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு கொடநாடு வரை போய் வந்திருக்கிறேன்.

இனி, என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம்.

இந்த மலையில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவனுக்கு இருக்கும் ஒரே சொத்து, பேண்டின் (நாங்கள் பேசும் அலைவரிசையின்) அமைதி. கோவையில் நண்பர் வீட்டில் 40 மீட்டர் பேண்டைத் திறந்தால், சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டர் வெறும் இரைச்சலிலேயே எட்டில் நிற்கிறது: சுற்றிலும் எல்ஈடி விளக்கு, இன்வெர்ட்டர், சார்ஜர். எங்கள் வீட்டில் பேட்டரியில் ரிக்கை ஓட்டினால் பகலில் எஸ்1, எஸ்2. ஐந்து வாட்டில் தயங்கித் தயங்கிக் கூப்பிடுகிறவரின் கால்சைன்கூட முழுசாகக் காதில் விழும். பேட்டரியைக் கழற்றிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டால், 'கொர்ர்' என்று ஒரு மேடு. டயலைத் திருப்பினால் கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. அதன் மேல் எஸ்-மீட்டர் ஆறுக்குப் போகிறது.

காரணம் தெரிந்ததுதான். லைன் வோல்டேஜை டிசி ஆக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டித்தான் எஸ்எம்பிஎஸ் வேலை செய்கிறது. 60 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 60 கிலோஹெர்ட்ஸுக்கும் ஒரு மேடு வரும். 40 மீட்டரில் நமக்கு இருப்பதே 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குள் மூன்று மேடு. அது ஒரே இடத்தில் நின்றாலாவது ஒதுங்கிப் போகலாம். நிற்காது. 7 மெகாஹெர்ட்ஸுக்கு வரும்போது அது 117-ஆவது ஹார்மோனிக், அதாவது 60-இன் 117 மடங்கு. கீழே 100 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் மேலே கிட்டத்தட்ட 12 கிலோஹெர்ட்ஸ் நகரும். டிசம்பர், ஜனவரிக் காலையில் பெட்டி ஜில்லென்று இருக்கும்போது ஆன் செய்கிறேன். நெட் (ஹாம்கள் கூடிப் பேசும் நேரம்) தொடங்கும்போது மேடு எங்கோ தள்ளி இருக்கும். பெட்டி சூடாகச் சூடாக அது ஊர்ந்து வந்து, தூரத்து ஸ்டேஷன் ஒன்று மெல்லிய குரலில் பேசுகிற நேரமாகப் பார்த்து மேலே உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் 'நாய்ஸ் ஆஃப்செட்' என்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் இந்த மேடு போகும், அடுத்த மேடு வரும்.

ஒயரில் ஏறும் இரைச்சலைத் தடுக்க ஃபெரைட் போட்டேன், பலன் இருந்தது. 31 மிக்ஸ் என்ற ரகத்தில் பெரிய வளையம். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்து பத்துச் சுற்று. தனித்தனியாகச் சுற்றக் கூடாது. 20 ஆம்பியர் டிசியில் ஃபெரைட் சாச்சுரேட் ஆகி ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். மெயின்ஸ் ஒயருக்கும் அதே மாதிரி இன்னொரு வளையம். எஸ்6 மேடு எஸ்3, 4-க்கு இறங்கியது.

அப்புறம் போன வருஷத்திலிருந்து மறுபடியும் ஏற ஆரம்பித்தது. கோவையில் ரிப்பேர் செய்பவர் மூடியைத் திறந்து காட்டினார். ஃபேன் இழுத்துப் போட்ட பஞ்சும் மூடுபனியின் ஈரமும் சேர்ந்து போர்டு மேல் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அவுட்புட் பக்கம் இரண்டு கெபாசிட்டரின் தலை உப்பி, ஒன்றின் அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. கெபாசிட்டர் காய்ந்தால் வடிகட்டும் வேலை குறையும், இரைச்சல் கூடும். 105 டிகிரி ரகமாகப் பார்த்து மாற்றி, போர்டைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தார். செலவு அதிகமில்லை. மேடு பழைய எஸ்3-க்குத் திரும்பிவிட்டது. போகவில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. லீனியரில் ஆபத்து அதிகம். பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 23 வோல்ட் நேராக ரிக்குக்குள் போகும். வோல்டேஜ் எகிறினால் உடனே ஷார்ட் செய்து ரிக்கைக் காப்பாற்றும் கிரோபார் சர்க்யூட் இல்லாத லீனியரை இலவசமாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போனால் பெரும்பாலும் சும்மா அணைந்துதான் போகும். இடி விஷயத்தில் இரண்டும் ஒன்றே. ஐப்பசி, கார்த்திகையில் பேசி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஆக வோல்டேஜ், எடை, பாதுகாப்பு, ரிப்பேர் செலவு எதில் பார்த்தாலும் எஸ்எம்பிஎஸ்தான் மேல். தம்பி, இருந்தாலும் நீ லீனியர் வாங்கு. அது எதையும் வெட்டுவதில்லை, அதனால் அந்த மேடும் இல்லை. 2என்3055 டிரான்சிஸ்டரை வரிசையாகப் போட்ட பழைய பெட்டி யாரிடமாவது இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் கோவையில் புதிதாகச் சுற்றச் சொல். பிரைமரியில் 180, 205, 230 என்று, வரும் வோல்டேஜுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள மூன்று டேப் (இணைப்பு) கேள். சாயங்காலம் மீட்டரைப் பார்த்து ஸ்விட்சைக் கீழே போட வேண்டும், வோல்டேஜ் ஏறியதும் மறக்காமல் மேலே போட வேண்டும். தொல்லைதான், அந்தத் தொல்லையைப் படலாம். என் பழைய லீனியருக்கே அப்படி ஒன்று சுற்றக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் எஸ்எம்பிஎஸ் பேட்டரி சார்ஜ் செய்யப் போய்விடும், அதுவும் ரிக் ஆஃபில் இருக்கும்போது மட்டும்.