அரிசோனா-சோனோரா பாலைவன அருங்காட்சியகம்: காலையில் போனால் நிறைய பார்க்கலாம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு மேற்கே 1952-இல் தொடங்கப்பட்ட இடம். அருங்காட்சியகம் என்றாலும் பெரும்பகுதி திறந்தவெளி; உயிரியல் பூங்காவும் தாவரவியல் பூங்காவும் கலந்து கிடக்கும். சோனோரா பாலைவனத்து உயிர்கள் மட்டுமே உண்டு. யானை, ஒட்டகச்சிவிங்கி எதிர்பார்க்கும் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடைபாதை மொத்தம் 2 மைல்தான். படுத்துவது வெயில். பத்தரை மணிக்கு மேல் வந்து இறங்குகிறவர்கள்தான் "ஒரு மிருகத்தையும் காணோம்" என்று புலம்புவார்கள். அதற்குள் மலைச்சிங்கம் (பூமா) பாறை நிழலில் சுருண்டிருக்கும். கதவு திறக்கும்போதே நுழைந்து, முதலில் டெசர்ட் லூப் பாதையை முடித்துவிடுங்கள். அரை மைல், நிழல் கிடையாது, ஸ்ட்ரோலர் தள்ளுவது சிரமம். ஆனால் ஓநாய் இனத்துக் கொயோட்டியும், காட்டுப்பன்றி போலிருக்கும் ஹாவலீனாவும் அங்கேதான். வேலிக் கம்பிகள் அவ்வளவு மெல்லியவை, பக்கத்தில் போனால்தான் தெரியும்.

வெயில் ஏறியதும் செயற்கைக் குகைக்குள் போய்விடலாம், உள்ளே குளுமை. ஹம்மிங்பேர்டு கூண்டுக்குள் நடமாடாமல் ஓரிடத்தில் நில்லுங்கள், முகத்தருகே வந்து பறக்கும்.

வேட்டைப்பறவைகள் பறக்கும் காட்சி சுமார் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மட்டும். அதற்காகவே குளிர்காலத்தில் போகலாம். ஹாரிஸ் பருந்துகள் கூட்டமாக வேட்டையாடும் இனம்; தலையை உரசுவதுபோல் பறக்கும். கையை உயர்த்தக் கூடாது, குழந்தையைத் தோளில் தூக்கவும் கூடாது.

செடிகளில் கவனம் வேண்டியது சோயா (cholla) என்ற முட்கள்ளி. லேசாக உரசினாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே தட்டாகத் தட்டி, மிச்ச முள்ளை இடுக்கியால் எடுக்க வேண்டும். பையில் இரண்டும் இருக்கட்டும். தூண்போல் உயர்ந்து வளரும் சகுவாரோ கள்ளி கிளையில்லாமல் நின்றால் கன்று என்று நினைக்க வேண்டாம். முதல் கிளை விடவே பெரும்பாலும் 50 முதல் 75 ஆண்டுகள் ஆகும்.

தண்ணீர் பாட்டிலை உள்ளேயே நிரப்பிக்கொள்ளலாம். கோடையில் சில சனிக்கிழமை இரவுகளிலும் திறக்கிறார்கள். புறஊதா விளக்கில் தேள் பச்சையாக ஒளிர்வதை அப்போது பார்க்கலாம். டூசானிலிருந்து மலை வழியாக வரும் கேட்ஸ் பாஸ் சாலை செங்குத்து, வளைவும் அதிகம். டிரெய்லரோ பெரிய வேனோ என்றால் ஆஹோ வே வழியாக வந்து கின்னி ரோட்டில் திரும்புங்கள்.