குழாய் வரை வராத வெளிச்சம்: புற ஊதாவா, குளோரினா, ஓசோனா?

ஊர்க் குடிநீரில் கிருமியை ஒழிக்கப் போட்டி போடும் இந்த மூன்று வழிகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். பெல்ஜியத்தின் மிடல்கெர்க்கில் 1902-ல் குளோரின், பிரான்சின் நீஸ் நகரில் 1906-ல் ஓசோன், மார்செய் நகரில் 1910-ல் புற ஊதா விளக்கு என்று வரிசையாக வந்தன. மூன்றில் புற ஊதாதான் சீக்கிரமே ஓரங்கட்டப்பட்டது. விளக்கை நம்ப முடியவில்லை, செலவும் கூடுதல். குளோரினோ மலிவு.

அந்தக் குளோரினுக்கு 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பெரிய அடி விழுந்தது. மிச்சிகன் ஏரித் தண்ணீரை வடிகட்டி, குளோரினும் கலந்துதான் அனுப்பினார்கள். அப்படியும் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் வேலை அது. தடித்த ஓட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அதைக் குளோரின் ஒன்றும் செய்யாது. வடிகட்டி தடுத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் வடிகட்டியும் கைவிட்டது. அதன்பின் மில்வாக்கி ஓசோனுக்கு மாறியது.

ஏன் புற ஊதாவுக்கு மாறவில்லை? அந்த ஒட்டுண்ணியிடம் அது பலிக்காது என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்திருந்தார்கள். இந்தத் தவறு வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 254 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதாக் கதிர் கிருமியைச் சாகடிப்பதில்லை, அதன் டி.என்.ஏ.வில் முடிச்சுப் போட்டுவிடுகிறது. பிறகு அதனால் பெருக முடியாது. சோதனைக்கூடத்தில் ‘உயிர் இருக்கிறதா’ என்று பார்த்தார்கள், இருந்தது. சரி, கதிர் தோற்றது என்று எழுதிவிட்டார்கள். எலிக்குட்டிகளுக்குக் கொடுத்து ‘நோய் வருகிறதா’ என்று பார்த்த ஆய்வுகள் 1998 வாக்கில் வெளிவந்தபோதுதான் மிகக் குறைந்த கதிரே போதும் என்று தெரிந்தது. புற ஊதா பந்தயத்துக்குத் திரும்பியது அப்படித்தான்.

அதற்காக எல்லாக் கிருமிக்கும் அது எமன் இல்லை. அமெரிக்காவின் 2006 விதிப்படி, கிரிப்டோஸ்போரிடியத்தில் 99.9 சதவீதத்தை முடக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் கதிர் ஆற்றல் போதும். வைரஸில் 99.99 சதவீதம் என்றால் 186 வேண்டும். அடினோவைரஸ் என்ற ஒரு பிடிவாதக்காரனை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. குளோரினுக்கோ அதே அடினோவைரஸ் சுலபமான இரை. ஒன்றுக்கு அடங்காதது இன்னொன்றுக்கு அடங்குகிறது.

ஓசோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகம் உண்டு, வாடையையும் நிறத்தையும்கூடப் போக்கும். ஆனால் அந்த இடத்திலேயே தயாரிக்க வேண்டும். தண்ணீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற வேண்டாத பொருள் உருவாகும். குளோரினிலும் அப்படி ஒரு வில்லங்கம் உண்டு. இலைதழை மக்கிய தண்ணீரில் அது டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேண்டாத சேர்மங்களை உண்டாக்குவதை 1974-ல் ரோட்டர்டாமின் வேதியியலாளர் யோஹன்னஸ் ரூக் காட்டினார். வழக்கமான அளவில் புற ஊதா இந்த வகையில் கிட்டத்தட்ட சுத்தம்.

அப்படியானால் புற ஊதாவே ஜெயித்துவிட்டதா? நிலையத்துக்குள் பார்த்தால் ஆமாம். வெளியே வந்தால் கதை வேறு. விளக்கைத் தாண்டும் சில விநாடிகளோடு அதன் வேலை முடிந்துவிடும். ஓசோனும் நீண்ட நேரம் தங்காது. குளோரின் மட்டும்தான் தண்ணீரோடு சேர்ந்து வீடு வரை நடந்து வருகிறது.

நியூயார்க்கைப் பாருங்கள். கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதித் தண்ணீரை வடிகட்டாமலே குடிக்கும் நகரம் அது. 2012-13-ல் செயல்பாட்டுக்கு வந்த அதன் புற ஊதா நிலையத்தில் 56 கதிர்க் கலன்கள் உள்ளன. நாளொன்றுக்கு 750 கோடி லிட்டருக்கு மேல் கையாளும். அத்தனையும் கட்டிய பிறகும் குளோரினை நிறுத்தவில்லை. நெதர்லாந்தில் குளோரின் இல்லாமல் விநியோகிக்கிறார்கள். அங்கே குழாயில் கசிவு மிகக் குறைவு, அழுத்தம் எப்போதும் இருக்கும், கிருமி தின்று வளரத் தண்ணீரில் மிச்சம் எதையும் விடுவதில்லை. அந்தக் குழாய் இருப்பவர்கள் அப்படிச் செய்யலாம்.

நம் ஊர்களில் பலவற்றில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. நின்ற நேரத்தில் குழாய் காலியாகி, விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடையை உறிஞ்சும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வது இதனால்தான். குடத்தில் ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் முகம் சுளிக்கிறோம். என்னைக் கேட்டால், வாடையே இல்லாத நாளில்தான் சந்தேகப்பட வேண்டும். கதிருக்கு வாடையும் இல்லை, சாட்சியும் இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தால் வெளிச்சம் உள்ளே போகாது. போர்வெல் உப்பு விளக்கின் குவார்ட்ஸ் உறையில் படியும். கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

குழாயே குறுக்கே வராத இடத்தில் புற ஊதா ஜொலிக்கும். 1992-ல் சென்னையில் முதலில் தென்பட்ட ஓ139 என்ற புதுவகைக் காலரா வங்கம் வரை பரவியபோது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த விஞ்ஞானி அசோக் காட்கில் ஒரு புற ஊதாக் கருவி செய்தார். சுமார் 60 வாட் மின்சாரம். நிமிடத்துக்கு 15 லிட்டர். விளக்கைத் தண்ணீருக்குள் முக்காமல் மேலே தொங்கவிட்டார். உப்பு படியும் தொல்லை போயிற்று. ஜனங்கள் அங்கேயே பிடித்துக்கொண்டு போகலாம்.

வீட்டுச் சமையலறையில் மாட்டும் புற ஊதா இயந்திரத்துக்கும் இதே நியாயம்தான். ஊர்க் குழாயின் பயணம் முடிந்த இடத்தில் அது இருக்கிறது. வாங்கும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இயந்திரத்தின் தொட்டியில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர், காலையில் வெளிச்சத்தைத் தாண்டி வருகிறதா, அப்படியே வருகிறதா என்று.