இன்ஜினியரிங் அப்ளிகேஷன் போட வெளிய போறீங்களா, உங்க மொபைல் நம்பரைத்தான் போடுறாங்களான்னு பாருங்க

பிளஸ் டூ முடிச்ச புள்ளைங்க வீட்ல இருந்தா தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. இந்த வாரம் எங்க வீட்ல நடந்தது.

தங்கச்சி ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல். நான் திருப்பூர்ல வேலைல இருக்கேன், ஷிஃப்ட் மாறி மாறி வரும், அதனால அப்பாதான் அவளைக் கூட்டிட்டு எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்குற ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாரு. அந்த ஆளு "ஒரே அப்ளிகேஷன்தாங்கய்யா, இன்ஜினியரிங், ஆர்ட்ஸ், அக்ரி எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுடலாம், 2,500 ஆகும்"னு சொல்லியிருக்கான். அப்பாவும் குடுத்துட்டு, ரோஸ் கலர் ஃபைல்ல பிரிண்ட் அவுட்டை வாங்கிட்டு வந்துட்டாரு.

மொத பொய்யே இதுதான். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே அப்ளிகேஷன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்னா டிஎன்இஏ, அதுக்கு ஃபீஸ் 500 ரூபாய், எஸ்சி எஸ்டின்னா 250. கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜுக்கு டிஎன்காசா வெப்சைட், 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும்தான். கோயம்புத்தூர் அக்ரி யுனிவர்சிட்டிக்குத் தனி. பிரைவேட் ஆர்ட்ஸ் காலேஜ்னா அந்தந்த காலேஜ்லயே போடணும், மேனேஜ்மெண்ட் கோட்டாவும் நேரா காலேஜ்லதான். இவன் போட்டது டிஎன்இஏ மட்டும். ஆர்ட்ஸுக்குப் போட்டிருக்கான்னு நம்பிட்டே இருந்துட்டோம், அதோட கடைசி தேதி போயே போச்சு. அவளுக்கு பி.எஸ்சி மேத்ஸ் மேலயும் ஒரு ஆசை இருந்துச்சு, அதை நெனச்சாதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

ரேங்க் லிஸ்ட் வந்தன்னிக்கு லாகின் பண்ணப் பார்த்தா முடியல, ஏன்னா அப்ளிகேஷன்ல இருக்குற மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் அவனோடது, பாஸ்வேர்டு மாத்தலாம்னு பார்த்தா ஓடிபியும் அவன் போனுக்குத்தான் போகுது. கேட்டதுக்கு "சாய்ஸ் ஃபில்லிங் நானே போட்டுத் தரேன், அதுக்கு 3,000 தனி"ன்னான். சாய்ஸ் ஃபில்லிங்னா எந்தெந்த காலேஜ் வேணும்னு வரிசையாப் போடுறது. அதுக்கப்புறம் போனே எடுக்கல. யோசிச்சுப் பாருங்க, அந்த லாகின் கையில இருந்தா காலேஜ் வரிசையை அவன் இஷ்டத்துக்குப் போடலாம், அவனுக்குக் கமிஷன் தர்ற காலேஜை மேல வைக்கலாம், சீட் வந்ததும் நம்மளக் கேக்காமலே ஒத்துக்கவும் செய்யலாம். மூணு வருஷம் ராத்திரி உக்காந்து படிச்ச புள்ளையோட கட்ஆஃப் எவனோ ஒருத்தன் போன்ல கெடக்குது.

லீவு போட்டு ஊருக்கு வந்து அந்த ரோஸ் ஃபைலை எடுத்து ஒவ்வொரு வரியா படிச்சேன். ரெண்டாவது பக்கத்துல, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவரான்னு கேட்ட இடத்துல "இல்லை"ன்னு இருக்கு. எனக்குக் கையே நடுங்கிருச்சு. அந்த ஒரு வார்த்தையால அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு போகுது, அதுல சீட் கெடைச்சா டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டும், எங்க மாதிரி வீட்டுக்கு அதுதான் படிப்பே. கூடப் படிச்ச புள்ளைங்களுக்கு ஜெனரல் ரேங்க் ஒண்ணு, 7.5-ல ஒண்ணுன்னு ரெண்டு ரேங்க் வந்திருக்கு, இவளுக்கு ஒண்ணுதான்.

மறுநாள் காலைலயே ஹெட்மாஸ்டர் கிட்ட படிப்புச் சான்று வாங்கிட்டு டிஎஃப்சிக்கு ஓடினோம், அதாங்க ஒவ்வொரு மாவட்டத்துலயும் வச்சிருக்குற டிஎன்இஏ உதவி மையம். குறை சொல்றதுக்குக் குடுத்த நாள்ல ரெண்டு நாள்தான் மிச்சம். அங்க இருந்த மேடம் லெட்டர் எழுதி வாங்கிட்டு மொபைல் நம்பரை மாத்திக் குடுத்தாங்க, 7.5-க்கும் சான்று பார்த்து ஏத்திக்கிட்டாங்க. ஒரு பைசா வாங்கல. அப்ளிகேஷன் போடுறதே அங்க இலவசமாப் போட்டுத் தர்றாங்க, ஃபீஸ் மட்டும் நம்மது. இது அப்பாவுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா 2,500-ம் மிச்சம், ஆர்ட்ஸும் போட்டிருக்கலாம்.

வெளிய போட்டவங்க இப்பவே பிரிண்ட் அவுட்டை எடுங்க. மொபைல் நம்பர், மெயில் ஐடி, ஜாதிச் சான்று நம்பர், முதல் பட்டதாரி, அரசுப் பள்ளி, இதெல்லாம் சரியா இருக்கான்னு புள்ளையோட உக்காந்து பாருங்க. பாஸ்வேர்டை நீங்களே மாத்துங்க. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீங்க.

நேத்து ராத்திரி தங்கச்சி கிளாஸ்மேட் ஒருத்தி அவளோட பிரிண்ட் அவுட்டை போட்டோ எடுத்து அனுப்பினா. அதுலயும் அதே ஆளோட நம்பர். இன்னிக்குத்தான் கடைசி நாள், அவளையும் அவங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு டிஎஃப்சிக்குக் கெளம்பிட்டு இருக்கேன்.