இந்தச் சாவி யாருடையது? டிஎஸ்சி, பிஜிபி, வாட்ஸ்அப்

பெங்களூரு பீனியாவில் சித்தப்பா லேத் பட்டறை நடத்துகிறார். அரசு டெண்டர் போட அவருக்கு டிஎஸ்சி டோக்கன் வேண்டும்; டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை வைத்திருக்கும், பென் டிரைவ் போன்ற சின்னக் கருவி அது. போன மாதம் அதைத் தேடியபோது ஆடிட்டரின் மேசை டிராயரில் கிடைத்தது. இன்னும் முப்பது நாற்பது டோக்கன்களோடு, பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, அதன் கீழேயே பின் நம்பரும் எழுதி.

சாவி என்று இங்கே சொல்வது கணினியில் கையெழுத்திடவும் செய்தியைப் பூட்டவும் பயன்படும் நீளமான எண்ணை. அது ஜோடியாக வரும்: ரகசியச் சாவி உரியவரிடமே இருக்கும், பொதுச் சாவியை எல்லாருக்கும் தரலாம். ஒரு சாவி இன்னாருடையதுதான் என்று உறுதிசெய்ய, தலைப்பில் உள்ள மூன்று வழிகளில் சட்டப்படி வலுவானது டிஎஸ்சிதான். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனம் அடையாள அட்டையைப் பார்த்து, வீடியோவில் முகத்தையும் பார்த்து, பெயரையும் பொதுச் சாவியையும் சேர்த்துச் சான்றிதழ் தருகிறது. சித்தப்பாவை அறியாத அதிகாரிகூட அவர் கையெழுத்தை நம்பலாம். ஆனால் சான்று தருபவரே சறுக்கினால் எல்லாம் போச்சு. 2011-இல் இப்படிச் சான்றிதழ் தரும் நெதர்லாந்து நிறுவனமான டிஜிநோட்டாரின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே பொய்ச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் பலருடைய ஜிமெயிலை உளவு பார்க்க அது பயன்பட்டது. அந்த ஆண்டே நிறுவனம் திவாலானது. அப்புறம், டிராயர். சான்றிதழ் பெயரை உறுதிசெய்யும், டோக்கன் யார் கையில் இருக்கிறது என்பதை அல்ல. ரகசியச் சாவியை டோக்கனிலிருந்து நகலெடுக்க முடியாதுதான். டோக்கனும் பின்னும் சேர்ந்து கிடைத்தால் நகல் எதற்கு?

பிஜிபி, மின்னஞ்சலைப் பூட்டவும் அதில் கையெழுத்திடவும் 1991-இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட மென்பொருள். இதில் மேலே உட்கார்ந்து சான்று தருபவர் யாரும் இல்லை. ஒருவர் சாவியில் மற்றவர் கையெழுத்திடுவார். வரன் பார்க்கும்போது தெரிந்தவர்களிடம் விசாரிப்போமே, அதே முறை. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் நிரலாளர்களிடையே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வெளியே எடுபடவில்லை. யார் சாவியிலும் யாரும் கையெழுத்தைச் சேர்க்கலாம் என்பதால், 2019-இல் இரண்டு பேருடைய சாவிகளில் பல்லாயிரம் குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டி, அந்தச் சாவிகளை இணையத்திலிருந்து இறக்குபவர்களின் மென்பொருளையே திணற வைத்தார்கள். பட்டறைக்காரருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாட்ஸ்அப், சிக்னல் வழி எளிது. ஒவ்வொரு உரையாடலுக்கும், இருவர் சாவிகளிலிருந்தும் உருவாகும் 60 இலக்க எண் உண்டு; இரண்டு போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவே வேறு யாரும் இல்லை. அல்சூரிலிருந்து சித்தப்பாவை போனில் அழைத்து, ஐந்தைந்தாக வாசிக்கச் சொன்னேன். பட்டறைப் பழக்கத்தில் கன்னடத்திலேயே வாசித்தார். பன்னிரண்டு தொகுதியும் என் திரையில் இருந்தவையே; இரண்டு நிமிட வேலை. போன் மாற்றினால் எண்ணும் மாறும், மறுபடி பார்க்க வேண்டும். அமைப்புகளில் பாதுகாப்பு அறிவிப்பை ஆன் செய்து வைத்தால் மாறியது தெரியவரும். டெண்டருக்கு இது உதவாது, சரி. ஆனால் பேங்க் கணக்கு எண்ணை எனக்கு அனுப்புவது சித்தப்பாவின் போன்தானா என்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை.

டோக்கனை வாங்கி வந்து பின்னை மாற்றினோம். இப்போது அது பட்டறை பீரோவில் இருக்கிறது. டெண்டர் நாளில் சித்தப்பாவே எடுத்துப்போய், ஆடிட்டர் எதிரில் தானே பின்னைத் தட்டுகிறார்.