பைபாஸ் அறையில் பிஸ் மானிட்டர்: வாங்கலாமா என்று கேட்டவருக்கு

இதய அறுவையில் பம்ப் (இதய-நுரையீரல் இயந்திரம்) ஓடும்போது மயக்க ஆழத்தைப் பார்க்க பிஸ் (நெற்றி சென்ஸர் வழியே மூளையின் மின்னலைகளைப் படித்து மயக்க ஆழத்தை ஓர் எண்ணாகக் காட்டும் கருவி) தேவைதானா என்று கேட்டிருந்தீர்கள். எண் 40-க்கும் 60-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: அந்த எண் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் நம்ப முடியாமல் போகிறது.

பம்ப்பில் குளிரவைத்த உடலைத் திரும்பச் சூடேற்றும் கட்டத்தைச் சொல்கிறேன். குளிரில் மூளை அடங்கிக் கிடக்கும். ஒரு டிகிரி இறங்கினால் எண்ணும் ஏறக்குறைய ஒன்று இறங்கும். சூடேற ஏற மூளை சுறுசுறுப்படையும், மருந்தும் வேகமாகக் கழியும். நோயாளிக்கு நினைவு திரும்பும் ஆபத்து இங்கேதான். அதே நேரம் தசைத் தளர்வு மருந்து தேய்ந்து நெற்றியில் இஎம்ஜி (தசையின் மின்சைகை) ஏறும், காட்டரி (மின்சாரத்தால் திசுவைச் சுடும் அறுவைக் கருவி) குறுக்கிடும், எண் 70-க்குத் தாவும். விழிப்பா, வெறும் தசையா? தளர்வு மருந்து கொடுத்தால் எண் இறங்கிவிடும். மயக்கம் ஆழமாகிவிட்டது என்று அதற்குப் பொருளே இல்லை! முதலில் மயக்க மருந்தைக் கூட்டுங்கள், பிறகு திரையில் ஈஈஜி (மூளையின் மின்) அலையைப் பாருங்கள். பெரிய, மெதுவான அலைகள் இருந்தால் நிம்மதி. சிறிய, வேகமான அலைகள் என்றால் கவலைப்பட வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்திருந்தால் ஆழ்ந்த மயக்கத்திலும் எண் ஏறும்.

சென்ஸருக்கும் பொறுமை வேண்டும். நெற்றியை ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு வட்டத்தையும் ஐந்து விநாடி அழுத்துங்கள். ஓரம் கிளம்பினால் சிக்னல் தரம் சரியும்.

ஆனாலும் பம்ப்பில் இதற்கு மாற்று குறைவு. மூச்சுக்காற்றில் மயக்க வாயுவை அளந்தாலே போதும், பிஸ் அதைவிட மேலானதல்ல என்று 2011-இல் வந்த பேக்-ரீகால் ஆய்வு காட்டியது. நுரையீரல் நின்றிருக்கும்போது அந்த அளவு ஏது? ஆக்சிஜனேட்டரில் (பம்ப்பில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் பகுதி) வாயு வெளியேறும் வாயில் அளக்கலாம். ஆனால் பாலிமெத்தில்பென்டீன் என்ற பிளாஸ்டிக் சவ்வுள்ள ஆக்சிஜனேட்டரில் வாயு மருந்து கடப்பதே அரிது, ரத்தக்குழாயில் செலுத்தும் புரோபோஃபால்தான் கதி. அதன் குழாய் கழன்றால் வேறு யார் சொல்வார்கள்?

எதிர்பாராத பயன் ஒன்றும் உண்டு. மருந்தை மாற்றாமலே, குளிராமலே எண் சட்டென்று விழுந்து எஸ்ஆர் (ஈஈஜி அலை அடங்கிக் கிடக்கும் நேரத்தின் விகிதம்) ஏறினால், மூளைக்கு ரத்தம் போகிறதா என்று உடனே பாருங்கள்: கேனுலாவின் (பம்ப்பை ரத்தக்குழாயோடு இணைக்கும் குழாய்) இடம், அழுத்தம், தலையிலிருந்து சிரை ரத்தம் வடிவது.

வாங்குங்கள். ஆனால் ஈஈஜி அலையைப் பெரிதாகத் திரையில் வைக்க முடியாத மாடல் என்றால் வேண்டவே வேண்டாம்.