ஏர் பெட்: மோட்டார் ஓடுகிறது, மெத்தை வேலை செய்கிறதா?

பாலியேட்டிவ் கேரில், அதாவது கடும் நோயாளியின் வலியையும் சிரமத்தையும் குறைக்கும் பராமரிப்பில், குடும்பத்தாருக்குத் துணை நிற்பவர்கள் வீடு வீடாகப் பார்க்கும் சாமான் ஏர் பெட்: படுக்கைப் புண் வராமல் தடுக்க மோட்டார் காற்றடிக்கும் மெத்தை. நல்ல சாமான்தான். ஆனால் பெட்டியைப் பிரித்து மோட்டாரை மாட்டியதும் ஆள் கிளம்பிவிட்டால், பாதிப் பலன் பெட்டியிலேயே தங்கிவிடும்.

இதில் இரண்டு வகை உண்டு. குமிழ் வகை மலிவு, மெலிசு. கொஞ்சமாவது தானே புரண்டு படுப்பவருக்கு அது போதும். அசையவே முடியாதவருக்கும், ஏற்கெனவே புண் இருப்பவருக்கும் குழாய் வகைதான் சரி. அதில் பெரும்பாலும் ஓட்டை விழுந்த குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; குமிழ் மெத்தைக்கு ஒட்டுப் போட வேண்டியதுதான். இரண்டிலும் வேலை ஒன்றே: சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை காற்று இடம் மாறும், உடம்பின் ஒரே இடத்தில் பாரம் தொடர்ந்து நிற்காது.

இருக்கும் மெத்தையின் மேல் விரித்து, மோட்டாரிலிருந்து வரும் காற்றுக் குழாய் கால்மாட்டில் வரும்படி போடவும். தலைகீழாகப் போட்டால் குழாய் தலையணைப் பக்கம் போய் மடங்கும், காற்று ஏறாது. நோயாளியைப் படுக்க வைக்குமுன் அரை மணி நேரம் ஓட விடவும். நோயாளியின் எடைக்கேற்ப அழுத்தத்தை வைக்கும் மோட்டார் திருகை முழுக்கத் திருப்பிவிடுவது பலர் செய்யும் தவறு. மெத்தை பலகையாகிவிடும், எலும்பும் தோலுமாய் இருப்பவருக்கு வலிக்கும். சரிபார்க்கக் கையே போதும்: பிட்டத்துக்கு நேர் கீழே, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை மேல்நோக்கி நுழைக்கவும். காற்று இறங்கிய குழாயின் பக்கம் பார்க்க வேண்டும். கைக்கும் உடம்புக்கும் இடையே ஓர் அங்குலக் காற்றாவது இல்லை என்றால் அழுத்தம் போதவில்லை.

நனைந்துவிடுமே என்று ரப்பர் ஷீட், மடித்த போர்வை, அதன்மேல் இன்னொரு பெட்ஷீட் என அடுக்குவார்கள். அடியில் மெத்தை என்ன செய்தாலும் மேலே தெரியாது. தளர்வாக ஒரு பருத்தி விரிப்பு, ஒரு பேட், அவ்வளவுதான். விரிப்பை இழுத்துச் செருகினால் மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். ஊக்கு கூடவே கூடாது. துடைக்கும்போதும் டயப்பர் மாற்றும்போதும் ஸ்டாடிக் பொத்தான் (காற்று இடம் மாறுவதை நிறுத்தி வைப்பது) இருந்தால் போட்டுக்கொள்ளவும்.

ஏர் பெட் வந்துவிட்டது, இனி நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. திருப்பத்தான் வேண்டும். எத்தனை மணிக்கொருமுறை என்பதை நர்ஸ் சொல்வார். திருப்பினால் வலிக்கும் என்றால், அதற்கு அரை மணி முன்பே வலி மருந்து கொடுக்கலாமா என்றும் கேளுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தூக்கி வைத்தால் உடம்பு சரிந்து தோல் உரசும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடு, கன்றிப்போன கடினம், சுற்றிலும் இல்லாத கருமை, இவற்றைத் தேடவும்.

மெத்தையோடு மூடி வந்திருந்தால், மின்சாரம் போனதும் மோட்டாரின் காற்றுக் குழாயைக் கழற்றி அதைப் போடவும். சிறிது நேரம் காற்று நிற்கும்.

பெட்டியில் எழுதாத இன்னொரு பக்கம் உண்டு. இத்தனை வருடம் அருகில் படுத்தவர் அன்றிரவு தரைக்குப் போகிறார். மோட்டார் இரைச்சல் அவருக்குத் தூக்கத்தைத் தராது. மோட்டாரைக் கட்டில் சட்டத்தில் நேராகத் தொங்கவிடாமல் நடுவே மடித்த துண்டு வைத்தால் அதிர்வு குறையும். பக்கத்திலேயே அதே உயரத்தில் ஒரு கட்டில் போட்டால் கையாவது எட்டும். யார் எப்போது திருப்புவது என்று பெயரோடு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், "நீதான் பார்க்கவில்லை" என்ற பேச்சு குறையும். கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்தாலும் தோல் விட்டுப்போகலாம். இதைப் புண் வருமுன் சொல்ல வேண்டும்; வந்தபின் சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும்.

மோட்டாரை நிறுத்தப்போவது யார் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். உயிர் பிரிந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தால் காற்று இடம் மாறும்போது உடம்பு லேசாக அசையும்; மூச்சு வருகிறதோ என்று வீட்டார் திடுக்கிடுவார்கள்.