அல்ஜீப்ரா பிசிக்ஸா, கால்குலஸ் பிசிக்ஸா?

அமெரிக்கால காலேஜ் மொத வருஷம் சேர்ற பசங்க நிறைய பேர், அல்ஜீப்ராவ வச்சு நடத்துற பிசிக்ஸ் கிளாஸ் எடுக்கறதா, கால்குலஸ வச்சு நடத்துறத எடுக்கறதான்னு குழம்புறாங்க. ரெண்டு கிளாஸ்லயும் அதே நியூட்டன் விதிதான், பந்தும் அதே 9.8 m/s² முடுக்கத்துலதான் விழும், ஆனா உங்ககிட்ட எதிர்பாக்குற கணக்குதான் வேற.

ஒரு ஸ்பிரிங்க இழுக்க எவ்ளோ வேலை ஆகும்னு பாருங்க. அல்ஜீப்ரா கிளாஸ்ல விசைக்கும் நீட்சிக்கும் கிராஃப் போட்டு கோட்டுக்குக் கீழ இருக்குற முக்கோணத்தோட பரப்பளவு எடுப்பாங்க, அவ்ளோதான். கால்குலஸ் கிளாஸ்ல இன்டக்ரேட் பண்ணுவாங்க (அதாவது சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு மொத்தமா கூட்டுவாங்க), விடை என்னவோ அதேதான். ஆனா விசை நேர்கோடா இல்லாம வளைஞ்சு நெளிஞ்சு மாறுச்சுன்னா முக்கோணம் கைவிட்டுரும், அங்கதான் இன்டக்ரேஷன் வேணும்.

டாக்டருக்கு படிக்கப் போறீங்களா? அங்க மெடிக்கல் காலேஜ் சேர எழுதுற எம்கேட் (MCAT) பரீட்சைக்கு கால்குலஸ் தேவையில்ல, அல்ஜீப்ராவே பெரும்பாலும் போதும். என்ஜினியரிங்னா கால்குலஸ்தான், வேற பேச்சே இல்ல. நான் ஈஸின்னு அல்ஜீப்ரா எடுத்துட்டு பாதில மேஜர் (முக்கியப் பாடம்) மாத்துனேன், மறுபடி முதல்ல இருந்து எடுக்க வேண்டியதா போச்சு, காசும் போச்சு (அப்பாகிட்ட வாங்குன திட்டு தனி).

ரூல்ஸ்ல பெருசா வித்தியாசம் இல்ல. வாரா வாரம் ஹோம்வொர்க், லேப் கண்டிப்பா உண்டு, நிறைய இடத்துல லேப்ல ஃபெயிலானா மொத்த கோர்ஸும் ஃபெயில். சிலபஸ்ல லேட் பாலிசியையும் (ஹோம்வொர்க் லேட்டா குடுத்தா என்னன்னு) ஃபார்முலா ஷீட் அலவுடான்னும் மொத நாளே பாத்துருங்க.